பள்ளத்தாக்குக்கு ஏறும் வழி

யூஃபேமியா ஆர்ச்சுலெட்டாவைப் பார்த்து "கண்ணு தெரியலையா?" என்று கத்தாத ஆள் எங்கள் பள்ளத்தாக்கில் குறைவு. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு அவர் நடுவர். வார நாட்களில் மோன்ட்டே விஸ்டாவின் உருளைக்கிழங்குக் கிடங்கில் பெல்ட் ஓரம் நின்று கிழங்கு தரம் பிரிப்பார். வெள்ளி, சனி மாலைகளில் கோடு போட்ட சட்டையும் விசிலுமாக ஏதாவது ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஓடிக்கொண்டிருப்பார். வயது ஐம்பத்தெட்டு. ஊரில் ஃபேமி என்றால் போதும்.

வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அவருடைய இடது கண் பிறவியிலேயே மந்தம். கண் டாக்டர் காட்டும் பலகையில் முதல் பெரிய எழுத்தைத் தாண்டி அது இறங்கியதில்லை. கிழங்கும் கோடும் முகமும் எல்லாமே வலது கண்ணின் பொறுப்பு.

ஜனவரி இரண்டாவது வியாழக்கிழமை கிடங்கு மேலாளர் லைல் கழிவுத் தொட்டியை எட்டிப் பார்த்தார். வழக்கமாகப் பாதி நிறையும் தொட்டி அன்று காலை பத்து மணிக்கே வழிந்தது. ஒரு கிழங்கை எடுத்துத் துடைத்துக் காட்டினார்.

"ஃபேமி, இதுல என்ன குறை?"

"கரும்புள்ளி."

"எங்கே?"

ஃபேமி கிழங்கைத் திருப்பினார். புள்ளி திரும்பவில்லை. கிழங்கைக் கீழே வைத்துவிட்டு லைலை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மூக்குலயும் இருக்கு, லைல்."

"அப்போ என்னையும் தொட்டியில போட்டுடுவியா?"

இருவரும் சிரித்தார்கள். தூசியாக இருக்கும் என்று ஃபேமி கண்ணைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று மாலை காரணமே இல்லாமல் கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை நகர்ந்து வந்தது. பதினாலாம் எண் சட்டைக்காரி அந்தத் திரைக்குள் போனாள், கீழே விழுந்தபடி வெளியே வந்தாள். நடுவில் என்ன நடந்தது என்று ஃபேமிக்குத் தெரியாது. மேல் வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"ரெஃப்! கண்ணு தெரியலையா?"

ஃபேமி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். ஸ்கோர் எழுதும் மேஜைக்கு நடந்து போனார்.

"தெரியல. வலது கண்ணுல ஏதோ திரை விழுது. இன்னொரு ஆளை வச்சு மிச்சத்தை முடிச்சுக்குங்க" என்றார்.

மேஜையில் ஒலிபெருக்கி திறந்திருந்தது. அரங்கம் முழுக்க அது கேட்டது. அறுநூறு பேர் ஒரே சமயத்தில் வாயடைத்ததை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். கத்தியவர் டிராக்டர் மெக்கானிக். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார்.

சனிக்கிழமை காலை அலமோசாவில் இருக்கும் கண் டாக்டர் இரண்டே நிமிஷம் பார்த்தார். நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் போனை எடுத்தார். விழித்திரை கிழிந்து உரிய ஆரம்பித்திருக்கிறது, ப்யூப்லோவுக்கு இன்றைக்கே போக வேண்டும் என்றார். ஃபேமியின் கணவர் டெல்ஃபினோ கிழங்கு லாரி ஓட்டுபவர். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ப்யூப்லோ அவருக்கு இரண்டு மணி நேர வழி. அன்று அதைவிடக் குறைவாகவே ஆனது.

ப்யூப்லோவின் அறுவை மருத்துவர் டாக்டர் எம்ரிக் உயரமான, சுருக்கமாகப் பேசும் பெண்மணி.

"சுவத்துல ஒட்டின தாள் இருக்கில்ல? ஓரத்துல ஒரு கிழிசல் விழுந்து உள்ள தண்ணி போச்சுன்னா தாள் உரிஞ்சுக்கிட்டே வரும். உங்க கண்ணுல அதான் நடக்குது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டு இருக்கு. எழுத்தும் முகமும் தெரியறது அந்த இடத்துலதான். அதுவும் உரிஞ்சா, பழைய பார்வை திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எனக்கு உருப்படியா இருக்கறதே இந்த ஒண்ணுதான், டாக்டர்."

"அதனாலதான் நாளைக்குக் காலையில முதல் ஆளா உங்களைப் போட்டிருக்கேன்."

அறுவை ஒரு மணி பத்து நிமிஷம் நடந்தது. கண்ணை மட்டும் மரக்க வைத்தார்கள், ஃபேமி விழித்திருந்தார். வெள்ளை விழியில் ஊசிமுனை அளவில் மூன்று துளை. உள்ளே இருந்த கூழை வெளியே எடுத்து, விழித்திரைக்குப் பின்னால் தேங்கிய நீரை வடித்து, தாளைச் சுவரோடு படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டார்கள். மெல்லிய கம்பி ஒன்று கண்ணுக்குள்ளேயே நீந்திப் போவதை ஃபேமி பார்த்தாராம். பயம் வரவில்லையா என்று கேட்டேன். "அந்தம்மா கை நடுங்கல. நடுங்காத கையைப் பார்த்தா எனக்குத் தெரியும்" என்றார்.

நடுவில் ஒரு பேச்சும் நடந்தது.

"டாக்டர், இது மாதிரி எத்தனை பண்ணியிருக்கீங்க?"

"நாலாயிரத்துக்கு மேல. நீங்க எத்தனை ஆட்டம் நடத்தியிருக்கீங்க?"

"ஆயிரத்து எண்ணூறு இருக்கும்."

"அப்போ நான்தான் சீனியர். வாயை மூடிக்கிட்டு அசையாம இருங்க."

கடைசியாகக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். அந்தக் குமிழிதான் விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், புண் ஆறிய பிறகு தானாகக் கரைந்துவிடும். ஒரு வாரம் ராப்பகல் முகத்தைக் கீழே கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் குமிழி மேலே மிதந்து கண்ணின் பின்சுவரில் போய் நிற்கும். மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டினார்கள். கண்ணில் வாயு இருக்கிறது என்றும் கூப்பிட வேண்டிய எண்ணும் அதில் அச்சடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அனுப்புவதற்கு முன் நர்ஸ் ஷெல்பி காகிதத்தோடு வந்தாள். ஃப்ளோரிடாக்காரி, மலையே இல்லாத கடலோரத்தில் வளர்ந்தவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்.

"விமானத்துல எங்கயாவது போறீங்களா?"

குனிந்த தலையோடு ஃபேமி அவளுடைய செருப்புக்குப் பதில் சொன்னார். "பொறந்ததுல இருந்து ஏறினதில்லம்மா."

"மலை மேல எங்கயும் போகக் கூடாது. உங்க வீடு மலையிலயா?"

"மலையா? இல்லவே இல்ல. எங்க வீடு பள்ளத்தாக்குல. தட்டையான ஊரு. சுத்தி உருளைக்கிழங்கு வயல்தான்."

"அப்போ பிரச்சினையே இல்ல" என்று ஷெல்பி கட்டத்தில் குறி போட்டாள்.

ஃபேமி சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வோம். நாங்கள் இருப்பது பள்ளத்தாக்கு, தட்டு மாதிரிச் சமம். மலை என்றால் பனியோடு நிற்கும் ப்ளாங்கா சிகரம், பதினாலாயிரம் அடி. லா வேட்டா கணவாயை யாரும் மலை என்று சொல்வதில்லை. அது ரோடு. அந்தப் பக்கம் போகிற ரோடு, வருகிற ரோடு.

டெல்ஃபினோ வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மிளகாய் சிப்ஸ் பாக்கெட் ஒன்று வாங்கி வந்து வண்டியின் தரையில் போட்டார். ஃபேமி முன் இருக்கையில் மடியில் தலையணையை வைத்து அதன்மேல் நெற்றியைக் கவிழ்த்திருந்தார். தெரிந்தது அவருடைய பூட்ஸும் அந்த சிப்ஸ் பாக்கெட்டும்தான், அதுவும் மந்தமான இடது கண்ணால்.

வால்சன்பர்க் தாண்டியதும் ரோடு மேற்கே திரும்பி ஏற ஆரம்பித்தது. ஃபேமிக்கு வலது புருவத்தின்மேல் கனத்தது. குனிந்தே இருப்பதால் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் கனம் வலியானது. வலி பல்வரை இறங்கியது. மருந்து போட்ட கண் வலிக்கத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கிழவா."

"என்ன கிழவி?"

"உன் சிப்ஸ் ஏன் இப்படிக் கொழுத்துப் போச்சு?"

"ரோடு ஏறுதில்ல? எப்பவும் உப்பறதுதானே. கணவாய்ல போன தடவை வெடிச்சே போச்சு, உனக்குத் தெரியாததா?"

தெரியும். எங்கள் பள்ளத்தாக்கில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் அது தெரியும். கீழே வாங்கும் எந்தப் பாக்கெட்டும் மேலே போகப் போகத் தலையணை மாதிரி உப்பும்.

"அந்தப் பைக்குள்ள என்ன இருக்கு?"

"சிப்ஸ் இருக்கு. அப்புறம் காத்து."

"என் கண்ணுக்குள்ள என்ன இருக்கு?"

ஃபேமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வழக்கம்போலக் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, மூடிய வண்டிக்குள், முழு மூச்சில் ஊதினார். டெல்ஃபினோவின் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. வண்டி ரோட்டோரச் சரளையில் குலுங்கி நின்றது.

"அடிப்பாவி! யாரு ஃபவுல்?"

"நாம ரெண்டு பேரும். வண்டியைத் திருப்பு."

திருப்பிக்கொண்டே பச்சைப் பட்டையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார்கள். டாக்டர் எம்ரிக்கே பேசினார்.

"எங்க இருக்கீங்க?"

"கணவாய்க்குப் பாதி வழியில. கண்ணு தெறிச்சிடும் போல இருக்கு, டாக்டர்."

"கணவாயா? வீடு பள்ளத்தாக்குலன்னு எழுதியிருக்கே!"

"ஆமா. பள்ளத்தாக்குக்குத்தான் ஏறிட்டிருக்கோம்."

மறுமுனையில் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க பள்ளத்தாக்கு எவ்வளவு உயரம்?"

"வீடு ஏழாயிரத்து அறுநூறு அடி. நடுவுல ஒன்பதாயிரம் தாண்டணும்."

"இறங்குங்க. எங்கயும் நிக்காம இறங்கி நேரா என்கிட்ட வாங்க."

வால்சன்பர்க் வருவதற்குள் வலி பாதியானது. தரையில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டும் வாடியது. டெல்ஃபினோ அதைக் காலால் எத்தப் போக, ஃபேமி தடுத்தார். "அதை விடு. அதுதான் இன்னைக்கு ஸ்கோர்போர்டு."

ப்யூப்லோவில் கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். இறங்கி வந்த பிறகும் முப்பத்தெட்டு, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்து மாலைக்குள் இருபத்திரண்டுக்குக் கொண்டுவந்தார்கள். விழித்திரை விலகவில்லை.

"உச்சிவரை போயிருந்தா?" என்று டெல்ஃபினோ கேட்டார்.

"குமிழி இன்னும் பெருசாகி, கண்ணுக்குப் போற ரத்தத்தை அமுக்கி நிறுத்தியிருக்கும்" என்றார் டாக்டர். டெல்ஃபினோ தொப்பியைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஷெல்பி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஃபேமி தரையைப் பார்த்தபடியே அவளுடைய செருப்பை அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"இங்க வா பொண்ணே. நீ கேட்டதும் சரி, நான் சொன்னதும் சரி. பள்ளத்தாக்குங்கற வார்த்தைதான் கோட்டு மேல கால் வச்சுடுச்சு. அழுகையை நிறுத்து, காகிதத்தைத் திருத்து."

அன்று மாலையே அந்தக் கட்டத்துக்குக் கீழே டாக்டர் கையால் ஒரு வரி எழுதினார்: உங்கள் வீடு எத்தனை அடி உயரத்தில்? வழியில் மிக உயரமான இடம் எத்தனை அடி? இப்போது அது அச்சிலேயே வருகிறது.

குமிழி முழுதாகக் கரைய மூன்று வாரம். அதுவரை ஃபேமி ப்யூப்லோவை விட்டு மேலே ஏறக் கூடாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் மேலே இருக்கிறார்கள். ப்யூப்லோவில் டெல்ஃபினோவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர், மனைவியிடம் கேட்காமலே போன் செய்தார்.

ஜாய்ஸ் பெர்க்கோ, ஓய்வுபெற்ற கூடைப்பந்து கோச். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டியின் கடைசி நொடியில் ஜாய்ஸ் அணியில் மூலையில் நின்ற ஆட்டக்காரி பந்தைக் கூடையில் போட்டாள். அவள் கால் எல்லைக்கோட்டில் பட்டது என்று ஃபேமி விசில் ஊதிக் கூடையை ரத்து செய்தார். ஒரு புள்ளியில் ஜாய்ஸின் அணி தோற்றது. ஜாய்ஸ் ஒரு வார்த்தை திட்டினார், ஃபேமி இரண்டு தடவை நடத்தைக் குற்றம் விதித்து அவரை அரங்கத்தை விட்டே அனுப்பினார். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

"என்னை வெளிய தள்ளின பொம்பளையை நான் உள்ள சேர்க்கணுமா?" என்று ஜாய்ஸ் போனில் கேட்டார். டெல்ஃபினோ பதில் சொல்வதற்குள், "எத்தனை மணிக்கு வர்றீங்க? சாப்பிட்டாச்சா?" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில் தயாராக இருந்தது. தோட்டத்தில் வெயில் காயப் போட்டுக்கொள்ளும் நாடாக் கட்டில். தலைப்பக்கம் இரண்டு நாடாவை வெட்டி, முகம் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு, ஓரத்தில் பஞ்சு சுற்றியிருந்தார் ஜாய்ஸ்.

"படு ரெஃப். பதினோரு வருஷமா உன்னைத் தலைகுனிய வைக்கணும்னு ஆசைப்பட்டேன். டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாங்க."

"காலைப் பார்த்தே ஆளைச் சொல்வேன், கோச். உங்க இடது ஷூல முடிச்சு அவுந்திருக்கு."

"பாரு, இன்னமும் காலைத்தான் பார்க்குது."

இரண்டு பேரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். சாப்பாடு தரையில் வரும், ஃபேமி குழாய் வைத்து சூப் உறிஞ்சுவார். வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை ஜாய்ஸ் துண்டு துண்டாக ஓட்டை வழியாக நீட்டுவார். மூன்றாம் நாள் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து முகத்துக்குக் கீழே தரையில் வைத்தார். அந்தப் பழைய ஆட்டத்தின் வீடியோ.

"கடைசி நொடி. நல்லாப் பாரு."

"எனக்கு ஒரு கண்ணு மந்தம், இன்னொண்ணுல வாயு. என்னைப் போய்ப் பார்க்கச் சொல்றீங்களே."

"அன்னைக்கு மட்டும் என்ன தெரிஞ்சுதாம்?"

"தெரிஞ்சுது. கால் கோட்டுலதான்."

"கண்ணு திறக்கட்டும், பேசிக்கலாம்."

ஒரு வாரம் முடிந்து தலை நிமிர்ந்தபோது வலது கண்ணில் பாதிக்கு ஒரு கோடு ஆடியது. கொத்தனாரின் ரசமட்டக் குமிழி மாதிரி, தலை அசைந்தால் அதுவும் அசைந்தது. கோட்டுக்குக் கீழே, குமிழி வழியாக, உலகம் கலங்கலாகத் தெரிந்தது; கண்ணுக்குள் மேலே மிதப்பது பார்வையில் தலைகீழாகத்தான் விழும். நாளுக்கு நாள் கோடு இறங்கியது, கலங்கல் தெளிந்தது. ஃபேமி தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜாய்ஸின் அடுப்புக் கடிகாரத்தைப் பார்ப்பார். பதினோராம் நாள் கடிகாரம் இருப்பது தெரிந்தது. பதினாலாம் நாள் முள் தெரிந்தது. பதினேழாம் நாள் நொடி முள் ஓடுவது தெரிந்தது. அன்று குமிழி பட்டாணி அளவில் கீழே எங்கோ உருண்டுகொண்டிருந்தது.

"கோச், அந்த வீடியோவைக் கொண்டாங்க."

இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். கடைசி நொடியை நிறுத்தச் சொன்னார். பின்னால் தள்ளச் சொன்னார். மறுபடி நிறுத்தச் சொன்னார். ஷூவின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. கறுப்புக் கோடு தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் மரத்தரை பளபளத்தது.

"ஜாய்ஸ்" என்றார் ஃபேமி. கோச் என்று சொல்லாமல் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கால் கோட்டுல படல."

ஜாய்ஸ் வீடியோவை அணைத்தார்.

"அவ்வளவு நுணுக்கமா தெரியுதா உனக்கு?"

"தெரியுது. மரத்தோட ரேகைகூடத் தெரியுது."

"சரி. உன்னைத் திட்டினேனே, அந்த வார்த்தைக்கு நீ என்னை வெளிய அனுப்பினது நியாயம்தான். அதையும் எழுதிக்கோ" என்று ஜாய்ஸ் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

இருபத்தொன்றாம் நாள் டாக்டர் எம்ரிக் வலது கண்ணை மட்டும் திறந்துவைத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். ஃபேமி மேலிருந்து எட்டாவது வரிவரை இறங்கினார், ஒன்பதாவதில் ஒரு எழுத்துக்குச் சண்டை போட்டார். இந்த அறுவைக்குப் பிறகு கொஞ்ச மாதத்தில் கண்புரை வரும், அதை அப்போது எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். குமிழி ஒரு துளியும் இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்த பிறகு பச்சைப் பட்டையைத் தன் கையாலேயே வெட்டினார்.

"பிப்ரவரி கடைசி வாரம் மாவட்டப் போட்டி. ஓடலாமா?"

"ஓடலாம். முகத்துல பந்து வாங்காதீங்க."

"பந்தெல்லாம் மேல இருந்து கத்துறவங்க முகத்துக்குத்தான் போகும்."

டெல்ஃபினோ அதே கடையில் அதே மிளகாய் சிப்ஸ் வாங்கினார். இந்த முறை தரையில் போடவில்லை, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி வைத்தார். வால்சன்பர்க் தாண்டி ரோடு ஏற, பாக்கெட் மெல்ல உப்பியது. பாதி வழியில், அன்று விசில் ஊதிய சரளை மேட்டில், டெல்ஃபினோ வேகத்தைக் குறைத்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நேராப் பார்த்து ஓட்டு கிழவா."

உச்சியில் நிறுத்தச் சொன்னார். கதவைத் திறக்கவில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பனிக்கு நடுவில், பச்சைப் பலகை ஒன்று நின்றது.

"லா வேட்டா கணவாய்" என்று வாசித்தார். "ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதிமூணு அடி."

"முப்பது வருஷமா இது வழியாப் போறோம். இதுல நம்பர் போட்டிருக்கறதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"உனக்கு ரெண்டு கண்ணு நல்லா இருந்தும் என்ன பிரயோஜனம்?"

சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி விறைத்து நின்றது. ஃபேமி அதை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினார். வெடித்து, சிப்ஸ் வண்டி முழுக்கச் சிதறியது. டெல்ஃபினோ திடுக்கிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"யாரு ஃபவுல்?"

"ஒருத்தரும் இல்ல. வண்டியை எடு, பள்ளத்தாக்குக்குப் போவோம்."